மச்சாள் சொல்லாத பெயர்

வழி கேட்டு வருகிறவர்களிடம் மச்சாள் பட்ட பாட்டையும் அவர்கள் மச்சாளிடம் பட்ட பாட்டையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். சந்தியில் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இன்னாருடைய வீடு எது என்று கேட்டால், வேறு யாராக இருந்தாலும் கையை நீட்டி, "அந்தா, அந்தப் புளியமரத்தடி" என்று சொல்லிவிட்டுத் தங்கள் பாட்டில் போவார்கள். மச்சாள் அப்படியில்லை. இரண்டு கையையும் சீலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, "ஆரு தேடுற? என்னத்துக்கு?" என்று விசாரிப்பார். பிறகு, "இரிங்க, நான் போய்க் கேட்டுட்டு வாறன்" என்று வந்தவரை வெயிலில் நிறுத்திவிட்டுப் புளியமரத்தடிக்கு நடப்பார். வீட்டுக்காரர் வரச் சொன்னால்தான் வந்தவருக்கு வழி. இல்லாவிட்டால், "தெரியா." புதிதாக வேலைக்கு வந்த தபால்காரரையே ஒரு நாள் அப்படிக் காக்க வைத்தார். அந்தப் பாவப்பட்ட மனுசன் ஒரு கல்யாணக் கார்டோடு அரைமணி நேரம் சந்தியில் நின்றது.

மச்சாள் என் கணவருக்கு ஒன்றுவிட்ட அக்கா. என்னைவிடச் சில வயது மூத்தவர்; ஆனாலும் அவரும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். நான் பிறந்த தன்னாமுனையில் எனக்குத் தருவதற்கு வீடு இருக்கவில்லை. அதனால் நான்தான் மூட்டையைக் கட்டிக்கொண்டு, வாகரைக்கு வடக்கே, களப்புக்கும் கடலுக்கும் நடுவில் மணலாய்க் கிடக்கிற இந்த ஊருக்கு வந்தேன். "வீடில்லாமப் புருசன்ட ஊருக்கு வந்தவள்" என்று கிணற்றடியில் ஒருத்தி சொன்னாள். மச்சாளிடம் போய் அழுதேன். யார் சொன்னது என்று கேட்பார், போய் அவளை நாலு கேள்வி கேட்பார் என்று நம்பினேன். அவர் கேட்கவேயில்லை.

"ஆரெண்டத விடுங்க மச்சாள். வீட்டுக்கு என்ன செய்யிற, அதப் பார்ப்பம்."

அடுத்த கிழமையே தன் வளவில் ஒரு மூலையை எங்களுக்குக் கொட்டில் போட விட்டுத் தந்தார். அந்த வளவில்தான் இன்றைக்கும் இருக்கிறோம். இருந்தும், அந்தக் கிணற்றடிக்காரி யாரென்று அவரைக் கேட்க வைத்து, அவளைத் திட்ட வைக்க முடியவில்லையே என்ற எரிச்சல் எனக்கு நெடுநாள் இருந்தது. நான் அப்படிப்பட்ட ஆள். ஒரு காரியம் கெட்டால் கெடுத்தது யார் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

மச்சாளுக்கு அந்த நோய் அறவே இல்லை. ஆடு வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்து மரவள்ளியைத் தின்றால், யாருடைய ஆடு என்று பார்க்காமல் விரட்டிவிட்டு வேலியைக் கட்டுவார். பிள்ளைகள் அடிபட்டு அழுதுகொண்டு வந்து, "இவன்தான், இவன்தான்" என்று ஒருவரையொருவர் காட்டினால் இரண்டு பேரின் கையையும் பிடித்துக் கீழே இறக்குவார். "கையக் கீழ போடு. நோகுதா? எங்க நோகுது?" என்பார். "மச்சாள், நீங்க பொலிசில சேர்ந்திருந்தா இந்த நாட்டில ஒரு களவும் பிடிபட்டிரிக்காது" என்று ஒரு நாள் பகிடி பண்ணினேன். வெற்றிலை வாயைத் துடைத்துக்கொண்டு, "சேராதது நல்லதுதானே" என்றார். சிரிக்கவில்லை.

எல்லாம் பகிடியாகவும் இருக்கவில்லை. களப்பில் மீன்பிடிக்கிற ஏழை மனுசன் ஒருவரின் வலையை யாரோ வெட்டிவிட்டார்கள். அன்று விடிய மச்சாள் விறகுக்குக் களப்போரக் கண்டல் காட்டுப் பக்கம் போனவர். வெட்டினவனைக் கண்டிருக்கிறார் என்று ஊருக்கே தெரியும். வலைக்காரர் வந்து காலில் விழாத குறையாகக் கேட்டார். "நான் சொல்லமாட்டன் தம்பி" என்று மச்சாள் ஒரே பிடியாக நின்றார். பிறகு அந்த மனுசனோடு நாள் கணக்கில் கூட இருந்து வலையைத் தைத்துக் கொடுத்தார். வலை சரிவந்தது. ஆனால் வெட்டினவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான், இன்னும் திரிகிறான். இது என்ன நியாயம் என்று எனக்கு அன்றும் விளங்கவில்லை.

இப்படிப்பட்டவர்தான் எங்கள் ஊரில் விதைக் கச்சான் வியாபாரத்தைத் தொடங்கினார்.

எங்கள் மணலில் கச்சானைப் போல, நிலக்கடலையைத்தான் சொல்கிறேன், வேறொன்றும் வராது. மாரி மழையோடு போட்டால், மண்ணுக்குள் காய்த்து, செடியைப் பிடுங்கும்போது கொத்துக் கொத்தாக வரும். பிடுங்கிக் காய வைத்த கையோடு வியாபாரி லொறியோடு வந்து முழுவதையும் அள்ளிக்கொண்டு போவான். மறுபடி மழை இருட்டுகிற நேரம் விதைக்கு அவனிடமே போய் நிற்போம். அவன் தருவதில் பாதி வறுத்துத் தின்னத்தான் உதவும். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த பிறகும், சண்டை முடிந்த பிறகும் இனாமாக விதை தருகிறவர்களும் வந்தார்கள்தான். படம் பிடித்துப் பை கொடுத்தார்கள். பை வந்து சேரும்போது மழை போயிருக்கும்.

"நம்மட விதைய நாம வெச்சிருந்தா என்ன கா?" என்று மச்சாள்தான் முதலில் கேட்டார். "நல்லா வெச்சிருந்தா மத்த ஊர்க்காரரும் நம்மளிட்ட வாங்குவாங்கதானே."

பெண்களாகச் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினோம். மச்சாள் தலைவி. ஆம்பிளைகள் சந்தியில் இருந்து சிரித்தார்கள். முதல் போகம் எங்கள் வளவுகளுக்கு மட்டும் போதுமாக இருந்தது. பிறகு பக்கத்து ஊர், பிறகு களப்புக்கு அக்கரை. விதை வாங்க வந்தவர்கள் எங்கள் புருசன்மாரைத் தேடவில்லை, எங்களைத் தேடினார்கள். ஒரு நாள் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே, "ஒங்கட சங்கத்தில ஒருக்காக் கேட்டுச் சொல்லு. இந்த முற தெற்கு வளவுக்குள்ள கச்சான் போடலாமா எண்டு" என்றார். தேத்தண்ணியை ஊற்றி வைத்துவிட்டு, "கேட்டுச் சொல்றன்" என்றேன். அந்த ஒரு வசனத்தைச் சொல்லக் கிடைத்ததற்கு எத்தனை சாக்குக் கச்சானும் உடைக்கலாம் என்று இருந்தது.

உடைப்பதுதான் எங்கள் வேலையில் பெரிய வேலை. விதைக் கச்சானைக் கோதோடு காய வைத்து, கோதோடுதான் வைத்திருக்க வேண்டும். விற்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கோதை உடைத்துப் பருப்பை எடுப்பது. மெசினில் போட்டால் பருப்புப் பிளந்துபோகும், முளைக்காது. பெருவிரலால் நெரித்து நெரித்துத்தான் உடைக்க வேண்டும். இரண்டு சாக்கு உடைத்தால் விரல் நுனி வெடித்து, சோற்றின் உப்புப் படும்போது உயிர் போகும். தின்பதற்கு உடைக்கிறவர்கள் கோதில் தண்ணீர் தெளித்து ஊறவிடுவார்கள், மெதுமெதுவென்று பிய்ந்துவரும். விதைக்கு அந்தப் பேச்சே கூடாது. ஈரம் பட்ட பருப்புச் சாக்குக்குள் கிடந்து புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பக்கத்தில் கிடக்கிற நல்லதையும் சேர்த்துக் கெடுக்கும். எங்கள் ஊரில் இது எல்லாருக்கும் தெரியும்.

எங்களுக்கு வழி சொல்லித் தர வந்த விவசாயப் போதனாசிரியர் ஒரு இளம் பிள்ளை. நல்ல பிள்ளை. உடைத்த ஒவ்வொரு சாக்கிலும் உடைத்தவரின் பெயரைக் கட்டச் சொன்னார். எங்காவது பழுது வந்தால் அந்தச் சாக்கை மட்டும் எடுத்து வைக்கலாம், மற்றது தப்பும் என்றார். எல்லாரும் தலையாட்டினோம். மச்சாள் மட்டும் எழும்பி நின்றார்.

"பேரக் கட்டி வெச்சா ஒரு நாள் அந்தப் பேரத் தேடிக்கிட்டு ஆரும் வருவான்."

"வந்தா என்ன மச்சாள்? விதைக்குத்தானே வருவாங்க" என்றேன் நான்.

உடைத்த கச்சான் வந்து சேர்ந்த அன்று, மச்சாள் சங்கக் கட்டிடத்து நிலத்தில் படங்கை விரித்து, தன்னுடைய சாக்கை முதலில் அவிழ்த்துக் கொட்டினார். "கொட்டுங்க கா, எல்லாம் ஒண்டா" என்றார். ஒவ்வொருத்தியும் கொட்டினாள். யாருடையது எது என்று இனிமேல் கடவுள் வந்தாலும் பிரிக்க முடியாது. அந்த ஒரே குவியலிலிருந்துதான் விற்கிற சாக்குகளை நிரப்பினோம். "இது சரியில்ல மச்சாள்" என்று எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னேன். போதனாசிரியர் பிள்ளையும் சொல்லிப் பார்த்தது. தலைவியை எதிர்த்துப் பேச மற்றவர்கள் விரும்பவில்லை. அதற்குப் பிறகு சில போகம் ஒரு குறையும் வரவில்லை. அதுதான் எங்களை ஏமாற்றியது.

ஓட்டமாவடிக்கு உள்ளே ஒரு முஸ்லிம் ஊரிலிருந்து பெண்கள் சேர்ந்து எங்களிடம் விதை வாங்கினார்கள். அவர்களை நடத்தியவரை நாங்களும் அவர்கள் வழக்கப்படி ராத்தா என்றுதான் கூப்பிடுவோம்; அக்கா என்பது போல. சண்டைக் காலத்தில் அந்த ஊரும் எங்கள் ஊரும் ஒன்றின் தெருவில் ஒன்று கால் வைத்ததில்லை. கச்சான்தான் முதலில் போய் வந்தது. அதன் பின்னால் நாங்கள் போனோம், அவர்கள் வந்தார்கள். பெருநாளைக்கு வட்டிலப்பம் வரும். பொங்கலுக்கு நாங்கள் கொண்டுபோவோம்.

அந்த முறை மழைக்கு முன்னால் விதையை அனுப்பிவிட்டோம். மழை பிந்தியது. சாக்குகள் அவர்கள் வீடுகளில் கட்டினபடி கிடந்தன. பிறகு மழை இறங்கிச் சில நாள் கழித்து, ஒரு காலையில் ராத்தா ஓட்டோவில் வந்து இறங்கி, ஒரு சாக்கை எங்கள் முன்னால் கவிழ்த்தார். புளித்த மணம் அடித்தது. பருப்பில் பச்சைப் பூஞ்சணம்.

"எல்லாச் சாக்கும் இப்பிடித்தான் அக்கா" என்றார். "போட்ட விதையும் மண்ணுக்குள்ள அழுகிக் கிடக்கு. நான் சண்டைக்கு வரல்ல. ஆனா எங்கட ஆம்பிளையள் ஒரு கதை கதைக்காங்க. தமிழாக்கள் வேணுமெண்டு செஞ்ச வேல எண்டு."

எங்களில் ஒருத்தி குனிந்து ஒரு பருப்பை எடுத்து நசுக்கிப் பார்த்தாள்.

"நான் நம்பல்ல" என்றார் ராத்தா. "நம்பியிருந்தா இஞ்ச வந்திரிக்க மாட்டன். ஆனா வாங்கச் சொன்னவள் நான். பொம்பிளையள்ட வியாபாரத்த நம்பினீங்களே எண்டு என்னத்தான் கேக்காங்க. பிழை விட்ட ஆள்ட பேரச் சொல்லுங்க. ஒராள் விட்ட பிழை எண்டு போய்ச் சொல்லுவன். மத்த ஆக்கள்ட விதைய மறுகாவும் வாங்குவம். பேரில்லாம நான் போனா, என்ட வாய் அடைஞ்சிரும். ஒங்கடயும்தான்."

"பேர் தெரியா ராத்தா" என்றார் மச்சாள். அது உண்மைதான்.

"தெரிஞ்சாச் சொல்வீங்களா?"

மச்சாள் நிலத்தைப் பார்த்தார். ராத்தா எழும்பினார். "நாளையிண்டைக்கு எங்கட ஆக்கள் கூடுறாங்க. வாங்க. பேரோட வாங்க."

தெரியாது என்று சும்மா இருக்க என்னால் முடியுமா? அன்றைக்கே வீடு வீடாகப் போனேன். பருப்புக் கலந்துபோனாலும் கோது கலக்காது. உடைத்த கோதை அவரவர் வேலியோரத்தில் கொட்டுவதுதான் வழக்கம். காய்ந்த கோது வெளிறிப்போய், காற்றடித்தால் பறக்கும். ஒரே ஒரு வீட்டுக்குப் பின்னால் மட்டும் கோது கறுத்து, அடை அடையாக ஒட்டிக் கிடந்தது. நனைத்து உடைத்த கோது.

நான் அதைக் கையில் எடுத்து நிற்கும்போதே அவள் வெளியே வந்துவிட்டாள். புருசன் விட்டுப்போய், இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறவள். பகலில் கடற்கரை வாடியில் மீன் வெட்டி உப்புப் போடுகிற வேலை. பத்து விரலையும் என் முகத்துக்கு நேரே விரித்தாள். ஒரு விரலிலும் முழுத்தோல் இல்லை.

"ஏலாமப் போச்சு அக்கா. ஒரு சாக்குத்தான் நனைச்ச. வெயில்ல காய வெச்சுத்தான் கொண்டந்த."

அவள் பெயரை இங்கே நான் எழுதப் போவதில்லை.

எனக்கு அவள் மேல் இரக்கம் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் எங்கள் எல்லாருடைய பிழைப்பும் அந்தப் பெயரில் தொங்கியது. ஓட்டமாக ஓடி மச்சாளின் வளவுக்குள் போனேன். "ஆளப் பிடிச்சிட்டன் மச்சாள்" என்று வாயைத் திறந்ததும் அவர் உள்ளங்கையால் என் வாயை மூடினார்.

"எனக்குச் சொல்லாதங்க."

கையைத் தட்டிவிட்டேன். "ஒங்களுக்குச் சொல்லாட்டி அங்க போய்ச் சொல்லுவன். நானும் வாறன் நாளையிண்டைக்கு."

"வாங்க" என்றார்.

பஸ் பிந்தி வருகிற சந்தி எங்கள் சந்தி. வெயில் ஏறிவிட்டது. நின்று நின்று எனக்குப் பொறுக்கவில்லை. வலைக்காரரிலிருந்து தொடங்கினேன். "அந்த மனிசனுக்கும் இப்பிடித்தான் செஞ்சீங்க. ஒங்களுக்கு ஊரில நல்லவ எண்டு பேர் வேணும். அதுக்கு நாங்க எல்லாரும் சாகணுமா? நாங்க காலெடுத்து வெச்சதே இப்பத்தான். அந்த ராத்தா நமக்காக அவட ஆம்பிளையளோட அடிபடுறா. அவக்கு என்ன பதில்? ஒரு பேர். ஒரு பேரச் சொன்னா முடிஞ்சு."

அவர் நான் ஓயும்வரை கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் ஒருக்காக் காட்டினன் மச்சாள்."

எனக்கு விளங்கவில்லை.

"சண்டைக்குள்ள. ஆமி ஊரச் சுத்தி வளைச்சு எல்லாரையும் வெட்டை வெளிக்குக் கொண்டுவந்து வெச்சாங்க. என்ட தம்பியத் தனியா எடுத்து முழங்கால்ல வெச்சிருந்தாங்க. காட்டுக்குள்ள இரிக்கிற இயக்கப் பெடியன்களுக்கு ஆர்ட வீட்டில சோறு குடுத்த, அதச் சொல்லு, தம்பிய விடுறம் எண்டு என்னட்டக் கேட்டாங்க. எனக்கு வாய் வரல்ல. விரலால ஒரு வீட்டக் காட்டினன்."

"மறுகா?"

"தம்பிய விட்டாங்க. அந்த வீட்டு மனிசனக் கொண்டு போனாங்க. வரல்ல."

ஒரு லொறி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அது அடங்கும்வரை வாயை மூடி நின்றார்.

"சோறு எல்லா வீட்டிலயும்தான் மச்சாள் குடுத்த. எங்கட வீட்டிலயும் குடுத்த. பக்கத்தில இருந்த வீட்ட நான் காட்டினன். அவ்வளவுதான்."

பஸ் வந்தது. ஏறிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். எந்த வீடு, எந்த மனுசன் என்று நான் கேட்கவில்லை. என் வாழ்நாளில் யார் என்று கேட்காமல் நான் விட்ட கதை அது ஒன்றுதான். கோபமும் போகவில்லை. மச்சாள் இனி எதைக் கேட்டாலும் என்னால் மறுக்க முடியாது என்பதும் தெரிந்தது.

ராத்தாவின் வீட்டு முற்றத்தில் பாய் விரித்திருந்தார்கள். பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேலிக்கு வெளியே நாலைந்து ஆம்பிளைகள் நின்றார்கள். தேத்தண்ணி தந்தார்கள்; குடித்தோம். "சொல்லுங்க அக்கா" என்றார் ராத்தா. அந்தப் பெயர் என் நாக்கு நுனியில்தான் இருந்தது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பேர் தரமாட்டன் ராத்தா" என்றார் மச்சாள். "விதை தாறன். எங்கட வளவுகளுக்குப் போட வெச்சிருக்கிற விதை இன்னும் போடாமக் கோதோட வீடுகள்ள இரிக்கி. அதுல ஈரம் படல்ல. கொண்டு தாறம், உடைச்சுத் தாறம். மழை விடுறதுக்குள்ள போட்டிரலாம்."

"அப்ப நீங்க என்னத்தப் போடுவீங்க?" என்று ஒரு பெண் கேட்டார்.

"நாங்க இந்த முற போடல்ல."

வேலிக்கு அப்பாலிருந்து ஒருவர், "விதை தாறது சரி. பேரச் சொல்ல என்ன பயம்?" என்றார்.

"பிழை என்ட" என்று மச்சாள் அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னார். "எல்லாத்தையும் ஒண்டாக் கொட்டச் சொன்னது நான். சாக்குச் சாக்கா வெச்சிருந்தா ஒரு சாக்கோட போயிரிக்கும். எங்கட ஆக்கள் வேணாமெண்டு சொல்லச் சொல்ல நான்தான் கலந்த."

ராத்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நனைச்சது நீங்க இல்ல எண்டு எனக்குத் தெரியும் அக்கா" என்றார் கடைசியில். "விதை வரட்டும். ஆனா இனி வாற சாக்கில எல்லாம் பேர் இரிக்கணும். அதில்லாம நான் வாங்கமாட்டன்."

"இரிக்கும். ஆனா அத எழுத வெக்கிற தலைவியா நான் இரிக்க மாட்டன்."

அப்படித்தான் மச்சாள் சங்கத் தலைமையை விட்டார். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

ஊருக்கு வந்து விதையைக் கேட்டபோது பெண்கள் என்னைத் தின்னாத குறை. எவளோ செய்ததற்கு நாங்களா என்றார்கள். நியாயமான கேள்விதானே? இரண்டு பேர் சங்கத்தை விட்டே போனார்கள். மற்றவர்கள் திட்டித் திட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நனைத்தவளும் வீட்டிலிருந்த முழுவதையும் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒருவர் முகத்தையும் பாராமல் போனாள். அந்த மாரி எங்கள் வளவுகள் வெறும் மணலாகக் கிடந்தன. சிலர் மரவள்ளித் தடி நட்டோம். என் கணவர் பிறகு நெடுநாள் சங்கத்தில் கேட்டுச் சொல் என்று சொல்லவில்லை. ராத்தாவின் ஊரில் கச்சான் பச்சைப் பசேலென்று வந்தது. அடுத்த போகத்துக்கு அவர்கள் மறுபடி எங்களிடம்தான் வாங்கினார்கள். சாக்குகளில் பெயர் கட்டினோம், இன்றுவரை கட்டுகிறோம். அதுதான் சரியான முறை என்று நான் இப்போதும் சொல்வேன். மச்சாள் எல்லாரோடும் உட்கார்ந்து உடைப்பார். அவருடைய சாக்கில் பெயர் கட்டும்போது மட்டும் எழும்பி வெளியே போய்விடுவார்.

ராத்தாவின் முற்றத்தில் மச்சாள் சொன்ன கதை எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது குறுகிப்போய் வந்தது. "பிழை என்ட" என்றது மட்டும்தான் வந்தது. கச்சானை நனைத்ததே அவர்தான், அதனால்தான் தலைமையை விட்டார் என்று ஆகிவிட்டது. "கச்சான நனைச்ச மனிசி" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முன்னாலேயே சொன்னார்கள். நனைத்தவள் கிணற்றடியில் நின்று அந்தப் பேச்சைக் கேட்டும் கேளாதது போல வாளியை இறக்கியதை என் கண்ணால் கண்டேன். எனக்கு உடம்பு பற்றி எரிந்தது.

"நான் இல்ல எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க மச்சாள்" என்று கெஞ்சினேன்.

"சொன்னா, அப்ப ஆரெண்டு கேப்பாங்க" என்றார்.

அந்தப் பழியோடுதான் மச்சாள் செத்தார். போன மாரியில், நெஞ்சு நோகிறது என்று படுத்தவர் எழும்பவில்லை. பெட்டியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ராத்தாவும் தன் ஊர்ப் பெண்கள் சிலரோடு வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். வந்த சனத்துக்குள் ஒருத்தி இன்னொருத்தியிடம், "நல்ல மனிசிதான், அந்தக் கச்சான் விசயம் ஒண்டுதான்" என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். அழுகையா ஆத்திரமா என்று எனக்கே தெரியவில்லை.

கச்சானை நனைத்தவள் என் பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, நீங்க சொல்லிப்போடுங்க" என்றாள். "நான்தான் எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போடுங்க. எனக்கு வாய் வருதில்ல."

எத்தனை வருசமாக நான் சொல்லத் துடித்த பெயர். அவளே வந்து சொல்லச் சொல்கிறாள். முற்றம் நிறையச் சனம்.

"நான் சொல்லமாட்டன்" என்றேன். "அவ வாய மூடினது ஒனக்காக. நான் தொறந்து காட்டினா அவ பட்டதெல்லாம் வீணாப் போயிரும். சொல்றதெண்டா நீ சொல்லு."

அவள் முகத்தைக்கூடத் துடைக்காமல் நடந்து போய், பெண்களை விலக்கிக்கொண்டு பெட்டியின் காலடியில் உட்கார்ந்தாள். மச்சாளின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாள்.

"கச்சான நனைச்ச நான். இவ இல்ல. நான்."

ஒப்பாரி நின்றது. மூத்த பெண் ஒருவர், கோபமில்லாமல்தான், "அத அவக்குக் காது கேக்கிற நேரம் சொல்லியிரிக்கலாமே புள்ள" என்றார். ராத்தா தன் இடத்திலிருந்து எழும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்டியை மூட ஆட்கள் வந்து விலகச் சொல்லும்வரை அவள் அந்தக் காலை விடவேயில்லை.